இரண்டு, நான்கு, எட்டு

மார்ச் 3, செவ்வாய்

கருமுட்டைகளை எடுத்துவிட்டார்கள்; லேபில் அவருடைய விந்தணுவோடு சேர்ப்பார்கள். மயக்கம் தெளிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது. இளநீர் மட்டும் இறங்கியது.

மார்ச் 4, புதன்

ஐந்து கருவாகியிருக்கின்றன! ஐந்திலும் இரண்டு வட்டம் தெரிகிறதாம், முட்டையின் நியூக்ளியஸ் ஒன்று, விந்தணுவின் நியூக்ளியஸ் ஒன்று. "சாயந்தரம் முதல் பிளவு வந்துடும் மேடம்" என்றார் லேபில் பேசிய பெண்.

பாடப்புத்தகத்தில் குரோமோசோம்களுக்குப் பக்கம் பக்கமாக இடம். செல்லின் உடல் இரண்டாகும் கட்டத்துக்குச் சில வரிகள்தான். எனக்கு இன்றைக்கு அந்தச் சில வரிகள் மட்டும்தான் வேண்டும். குரோமோசோம்கள் இரு பக்கமும் விலகியதும் நடுவில், சவ்வை ஒட்டி, ஆக்டின் என்ற புரத இழைகள் வளையமாகக் கூடும். மயோசின் என்ற இன்னொரு புரதம் அவற்றைப் பிடித்து இழுக்கும். தசை சுருங்குவதும் இந்த ஜோடியால்தான். ஆச்சியின் சுருக்குப்பை வாய் மூடுகிற மாதிரி. ஆனால் பையில் கயிறு வெளியே நீண்டு தொங்கும்; இங்கே வளையம் சுருங்கச் சுருங்கக் கயிறே கரைந்துகொண்டு வரும், தடிக்காது. கடல் முள்ளெலி முட்டைகளில் ஷ்ரோடர் என்ற ஆய்வாளர் 1972-ல் காட்டியது.

மணி நான்கரை. இப்போது நடந்துகொண்டிருக்கலாம்.

மார்ச் 5, வியாழன்

மூன்று நன்றாக இருக்கின்றன, நான்கு செல். ஒன்று இரண்டிலேயே நிற்கிறது. இன்னொன்றில், ஒரு செல்லுக்குள் இரண்டு நியூக்ளியஸ்.

அந்த ஒன்றை விட்டு மனசு நகரவே மாட்டேன் என்கிறது. வளையம் இறுக்கும் இடத்தில் பள்ளம் விழுந்து பாதியில் பின்வாங்கினாலும் இப்படி ஆகும். கல்லீரலில் இரண்டு நியூக்ளியஸ் செல்கள் சர்வசாதாரணம், நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் இது கல்லீரல் இல்லையே. 1961-ல் ராப்பபோர்ட் என்ற ஆய்வாளர், கடல் முள்ளெலிக்கு உறவான சாண்ட் டாலரின் முட்டை ஒன்றின் நடுவில் கண்ணாடி மணியை அழுத்தி வைத்தார். முதல் பிளவு முழுதாக முடியவில்லை; லாட வடிவத்தில் ஒரே செல், உள்ளே இரண்டு நியூக்ளியஸ். அடுத்த சுற்றில் அது அழகாக நான்காகப் பிரிந்தது. குரோமோசோமே இல்லாத இடத்தில்கூடப் பள்ளம் விழுந்தது. தவறிய செல்லும் அடுத்த முறை பிரியலாம்.

அம்மாவிடம் இதைச் சொல்ல முடியுமா? "போனையே பாத்துட்டு இருக்காத, கஞ்சி ஆறுது" என்கிறாள்.

இரவு. முதல் பிளவுகளுக்கு வேண்டிய புரதங்களை முட்டை முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும். கருவின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் இறங்குவது நான்கு, எட்டு செல் கட்டத்தில்தான். அதுவரை நெரித்துப் பிரிக்கிற கயிறு என்னுடையது. எங்கே பிரிக்க வேண்டும் என்று காட்டுகிற கதிர் இழைகளுக்கோ, அவற்றை ஒழுங்குபடுத்தும் சென்ட்ரியோல் என்ற நுண்ணுறுப்பு விந்தணுவோடு வந்தது. அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ ரெண்டு பேரும் இப்ப அங்கதான் வேலை பாத்துட்டு இருக்கோம்" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

எட்டு. இரண்டு கருக்கள் எட்டு.

மார்ச் 7, சனி

இன்று பார்க்க மாட்டார்களாம், கருக்கள் வளரும் பெட்டியைத் திறக்காமல் விடுவதுதான் நல்லதாம். சரி.

நெரிந்து முடிந்தாலும் செல்கள் உடனே பிரிந்துவிடுவதில்லை. நடுவில் மெல்லிய பாலம் ஒன்று நிற்கும். அதன் மத்தியில் இருக்கும் கரிய புள்ளியை ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் 1891-லேயே பார்த்துவிட்டார். பாலத்தை வெட்டுபவை எஸ்கார்ட் புரதங்கள் என்று தெரிய 2007 ஆயிற்று. எச்ஐவி கிருமி செல்லை விட்டு வெளியேறவும் இதே புரதங்களைத்தான் அபகரித்துக்கொள்கிறது. எவ்வளவு சின்ன வேலை, எத்தனை இடத்தில் தடுக்கலாம்!

அந்த இரண்டு நியூக்ளியஸ் என்ன ஆயிற்றோ. யாரும் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஏழே முக்காலுக்கே போன். கருவைக் கர்ப்பப்பையில் வைக்கப் பதினொரு மணிக்கு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டுமாம். எந்தக் கரு என்று கேட்டேன். "நேர்ல வாங்க மேடம், டாக்டர் சொல்வாங்க." ஆட்டோ வந்துவிட்டது.