மூன்று மணி வரைதான் திரும்ப முடியும்

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 5.7 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிவடையவிருந்ததால், எங்கள் நிதி நிறுவனத்தின் கடன் கணக்குகள் அனைத்தும் இருந்த தரவுத்தளத்தை 8.0 பதிப்புக்கு மாற்றும் பொறுப்பு அந்த ஆண்டு எனக்கு வந்தது. மாற்றக் கோரிக்கைப் படிவத்தில் ரோல்பேக் (மாற்றம் தவறினால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி) என்ற பகுதியில் ‘பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்கப்படும்’ என்று ஒற்றை வரி எழுதியிருந்தேன். எத்தனை மணி வரை திரும்பி வர முடியும் என்று மட்டும் கேட்டு, இத்தகைய மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் மாற்ற ஆலோசனைக் குழுவின் தலைவர் அதைத் திருப்பி அனுப்பினார்.

அந்தக் கேள்வி நியாயமானது. 8.0 பதிப்பு ஒருமுறை மாற்றியமைத்த தரவுக் கோப்புகளை 5.7 பதிப்பில் மீண்டும் திறக்க இயலாது. பழைய பதிப்பை மறுபடி நிறுவி, முன்பு எடுத்த பேக்கப்பை ஏற்றுவது ஒன்றே வழி. இடையில் வாடிக்கையாளர்கள் கட்டிய தவணைகள் பதிவாகியிருந்தால் அவை அதில் இருக்கமாட்டா. சோதனைச் சூழலில் இதை முழுவதுமாகச் செய்துபார்த்தபோது 2 மணி 40 நிமிடம் ஆனது. சரிபார்ப்புக்கு 20 நிமிடம் சேர்த்தால் மூன்று மணி நேரம். எங்களுக்குக் கிடைத்த அவகாசமோ சனிக்கிழமை நள்ளிரவு 12 முதல் ஞாயிறு காலை 6 வரை. ஆகவே, 3 மணிக்குள் சோதனைகள் தேறாவிட்டால் திரும்பிவிடுவது என்று நேரத்தைக் குறித்தே எழுதினேன்.

அதே ஒத்திகையில் வேறு சில சிக்கல்களும் வெளிப்பட்டன. ‘ரேங்க்’ என்பது 8.0 பதிப்பில் மென்பொருள் தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொல் ஆகிவிட்டதால், அப்பெயரில் நெடுவரிசை வைத்திருந்த வினவல்கள் (தரவைக் கேட்டுப் பெறும் கட்டளைகள்) பிழை காட்டின. தரவைத் தொகுக்கச் சொல்லும் ‘குரூப் பை’ கொடுத்தாலே வரிசைப்படுத்தித் தரும் பழைய வழக்கம் நீக்கப்பட்டிருந்ததால், கிளைவாரி வசூல் அறிக்கை முறை மாறி வந்தது. பிழைச் செய்தி ஏதும் வராத இத்தகைய மாற்றத்தையே நான் அதிகம் அஞ்சுகிறேன். கணக்குப் பிரிவினர் அச்சிட்ட பழைய அறிக்கையோடு ஒப்பிட்டிராவிட்டால் அது எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

இரண்டாம் முறை ஒப்புதல் கிடைத்தது. அன்றிரவு 2.20 மணியளவில், நான்கு செயலி சர்வர்களில் ஒன்று மட்டும் தரவுத்தளத்தோடு இணைய மறுத்தது. செயலியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜாவா கனெக்டர் என்ற மென்பொருள் அதில் மற்ற மூன்றையும்விடப் பழையது, 8.0 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்ட குவெரி கேஷ் (வினவல்களின் விடைகளைச் சேமித்து வைக்கும் வசதி) அமைப்பின் மதிப்பைக் கேட்டு நின்றுபோனது. பக்கத்துச் சர்வரிலிருந்து புதிய கோப்பை நகலெடுத்து வைத்தால் ஐந்து நிமிட வேலைதான் என்று உடனிருந்த நண்பர் சொன்னார். ஆனால் அது ஒப்புதல் பெறாத, ஒத்திகை பார்க்காத இன்னொரு மாற்றம். 2012 ஆகஸ்ட் 1 அன்று, எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய மென்பொருள் ஏறாமல் போனதால், அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனம் முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலர் அளவுக்கு இழந்தது நினைவுக்கு வந்தது. சர்வர்களுக்குள் இப்படியொரு வேற்றுமை ஏன் வந்தது என்று தெரியாமல் அதில் கைவைக்க மனம் வரவில்லை.

குழுத் தலைவரைத் தொலைபேசியில் எழுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று சர்வர்கள் போதும் என்பதால், அந்த ஒன்றை, சர்வர்களுக்கு வேலையைப் பகிர்ந்தளிக்கும் லோடு பேலன்சரிலிருந்து விலக்கிவிட்டுத் தொடரச் சொன்னார். எஞ்சிய சோதனைகள் 2.50க்கு முடிந்தன. நான்காவது சர்வருக்கான தனிக் கோரிக்கையைத் திங்களன்று, ரோல்பேக் பகுதியில் நிமிடக் கணக்கோடு எழுதிக் கொடுத்தேன்.