14 டெலிகிராம் குழுக்களும் ஒரு கஞ்சிக் கிண்ணமும்

குரூப் 4 தேர்வை முதல் முறை எழுதியபோது என் போனில் 14 டெலிகிராம் குழுக்கள் இருந்தன. காலையில் எழுந்ததும் நடப்பு நிகழ்வுகள், மதியம் ஷார்ட்கட் வீடியோ, ராத்திரி யாரோ போட்ட 'கண்டிப்பாக வரும் 500 வினாக்கள்'. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் கழுத்தைப் பிடிக்கும். வீட்டில் ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள். இதற்கு நடுவே நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருந்த மாதிரிதான் இருந்தது. 200 கேள்வியில் 131 சரி. கட் ஆஃப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

அதற்கப்புறம் சில வாரங்கள் தூக்கம் வரவில்லை. அந்த ராத்திரிகளில்தான் ஸ்டோயிக்குகளை, அதாவது பழங்கால கிரேக்க, ரோமானியத் தத்துவ மரபு ஒன்றைச் சேர்ந்தவர்களை, படித்தேன். தத்துவ ஆர்வம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பாடப்புத்தகத்தைத் தொட மனசு வராததால் கைக்கு வந்ததைப் படித்தேன், அவ்வளவுதான்.

முதலில் எபிக்டெட்டஸ். ரோமில் அடிமையாக இருந்து விடுதலை பெற்று, பிறகு கிரேக்கத்தின் நிகோபோலிஸில் பள்ளி நடத்தியவர். அவர் தன் கையால் எழுதிய நூல் எதுவும் நமக்கு வரவில்லை. மாணவர் அர்ரியன் எடுத்த குறிப்புகள்தான் கிடைக்கின்றன. (நோட்ஸ் எடுக்கச் சோம்பல்படுகிறவர்கள் கவனிக்க.) சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன, சில இல்லை என்பது அவருடைய அடிப்படைப் பாடம். எல்லோரும் கேட்டதுதான். நான் கூடுதலாகச் செய்தது, ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு அதை எழுதிப் பார்த்தது. கட் ஆஃப் எவ்வளவு, காலியிடம் எத்தனை, தாள் கடினமா எளிதா, எதிர்வீட்டு அக்கா "இன்னும் எழுதிட்டுத்தான் இருக்கியா?" என்று கேட்பது, எல்லாம் வலப்பக்கம். இடப்பக்கம் எழுத மூன்றுதான் தேறின: எந்தப் புத்தகம், எந்த நேரம், எத்தனை முறை திருப்புவது. அந்த 14 குழுக்களிலும் பேசியதில் முக்கால்வாசி வலப்பக்கச் சமாச்சாரம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு தப்பும் செய்தேன். காலை நேர வீட்டு வேலையையும் வலப்பக்கம் எழுதிவிட்டேன், 'மாற்ற முடியாதது' என்று. இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியபின் ஒருநாள் கணவரிடம் கேட்டேன்: "ஏனுங்க, காலையில பாப்பாவை நீங்க வேன்ல ஏத்திவிட முடியுமா?" "இதை முன்னாடியே கேட்டிருந்தா ஆகாதா?" என்றார். வாயைத் திறந்து கேட்பது என் கையில் இருந்த விஷயம். காலையில் 40 நிமிடம் கிடைத்தது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வதுதான் ஸ்டோயிக் வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; சில சுமையை ஆள் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

அடுத்து மார்க்கஸ் அரேலியஸ். 161 முதல் 180 வரை ரோமின் பேரரசர். வடக்கு எல்லையில் போர் நடந்த காலத்திலும் தனக்குத்தானே கிரேக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டவர். நாம் பேசுவதிலும் செய்வதிலும் பெரும்பகுதி தேவையில்லாதது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'இதுவும் அந்த ரகமா?' என்று கேட்டுக்கொள் என்கிறார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைத் திறந்தேன். குழுக்கள் 14இலிருந்தும் வெளியேறினேன். பிடிஎஃப்களை அழித்தேன். மிஞ்சியவை: 6 முதல் 10 வரையிலான பள்ளிப் புத்தகங்கள், பழைய வினாத்தாள்கள், ஒரே ஒரு மாத இதழ். 200 கேள்விகளில் 100 தமிழுக்கு. அதைத் 'தெரிந்ததுதானே' என்று ஒதுக்கிவிட்டுப் பொது அறிவின் பின்னால் ஓடியிருந்தேன்.

ஜென் (பௌத்தத்தின் தியான மரபு) வந்தது கடைசியில். சீனத் துறவி சாவோசௌ (ஜப்பானியர் ஜோஷு என்பார்கள்) பற்றிய ஒரு கதை. 1228இல் தொகுத்த 48 கதைகளில் ஒன்று. மடத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் உபதேசம் கேட்கிறார். "கஞ்சி குடித்தாயா?" "குடித்தேன்." "அப்படியானால் கிண்ணத்தைக் கழுவு." படித்ததும் சிரிப்பு வந்தது. இதைத்தானே எங்கம்மா தினமும் கத்தினார்!

ஆனால் என் பையில் டிபன் பாக்ஸ் இருந்தது. தினமும் சாயங்காலம் அப்படியே கிடக்கும். மறுநாள் காலையில் திறந்தால் நாற்றம். ஊறவைத்துத் தேய்ப்பதில் நேரம் போய், பரபரப்பில் நாள் தொடங்கும். அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை பாக்ஸைக் கழுவுவது. போன் ஹாலில் இருக்கும். ரப்பர் வாஷரைக் கழற்றி, அந்த இடுக்கில் ஒட்டிய ரசத்துப் பருப்பைத் தேய்த்து, கவிழ்த்துவைத்துக் கையைத் துடைத்தால் ஆபீஸ் அதோடு முடிந்தது. பாப்பா தூங்கியதும் புத்தகம்.

படிப்பிலும் அதையே செய்தேன். ஒரு பாடம் முடிந்தால் புத்தகத்தை மூடி, அதிலிருந்து பத்துக் கேள்வி நானே எழுதி, விடை சொல்லிப் பார்த்து, அலமாரியில் வைத்தபின்தான் அடுத்தது. அரைகுறையாகத் திறந்துகிடக்கும் ஐந்து பாடமும் சிங்க்கில் குவிந்த பாத்திரமும் எனக்கு ஒன்றுதான்.

படுக்கும் முன் இன்னொரு ரோமானிய ஸ்டோயிக்கான செனகாவின் பழக்கம். விளக்கு அணைந்ததும், மனைவியும் பேச்சை நிறுத்தியபின், அன்றைய நாளை அவர் விசாரிப்பாராம். தவறு தெரிந்தால், இனிச் செய்யாதே, இப்போதைக்கு மன்னித்தேன் என்று தனக்கே சொல்லிக்கொள்வார். அந்த மன்னிப்பு முக்கியம். அது இல்லாவிட்டால் நோட்டு புலம்பலாகிவிடும். என் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை: "பத்தாம் வகுப்பு, பாளையக்காரர் பாடம் பாதி. வேலூர் 1806ஐ மறுபடி 1801 என்று எழுதினேன். ஒன்பது மணிக்கு ரீல்ஸ், 25 நிமிடம். சரி, விடு."

தேர்வறையில் மூன்று மணி நேரத்துக்கு 200 கேள்வி, ஒன்றுக்கு 54 விநாடி. முதல் முறை ஒரு வட்டிக் கணக்கில் ஆறு நிமிடம் மாட்டிக்கொண்டேன். இந்த முறையும் ஒரு கணக்கு இழுத்தது. நெகட்டிவ் மார்க் இல்லை. தோன்றிய விடையை நிரப்பினேன், 'கிண்ணத்தைக் கழுவு' என்று முணுமுணுத்தேன், அடுத்ததற்குப் போனேன். மேற்பார்வையாளர் ஒரு மாதிரி பார்த்தார்.

168 சரி. சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்துவிட்டது. கலந்தாய்வில் எந்த ஊர் கிடைக்கும் என்று எதிர்வீட்டு அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார். அதை நோட்டின் வலப்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.