பழம் சின்னது, செடி சின்னதில்லை

என் பால்கனி ஒன்பது அடி நீளம், நான்கடி அகலம். துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே எதையும் வைக்க முடியாது என்பதால், செடிகளுக்குக் கிடைப்பது கைப்பிடிச் சுவரை ஒட்டிய ஒன்றரை அடிதான். இந்த இடத்தில் ஏழாவது வருடமாகக் காய்கறி வளர்க்கிறேன். தொடக்கத்தில் என் யோசனையெல்லாம் மண் கலவையிலும் உரத்திலும்தான் இருந்தது. இப்போது யாராவது கேட்டால், முதலில் ரகத்தைத் தேர்ந்தெடுங்கள், தொட்டியை அப்புறம் வாங்கலாம் என்பேன்.

முதல் வருடம் செர்ரி தக்காளி விதைத்தேன். பாக்கெட்டில் கோலிக்குண்டு அளவுப் பழங்களின் படம். பழம் இவ்வளவு சின்னதென்றால் செடியும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இரண்டே மாதத்தில் அது என் தலைக்கு மேலே போய்விட்டது. குச்சி நட்டேன், கயிறு கட்டினேன். துணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது இன்னும் ஏறியது. பத்து லிட்டர் தொட்டியில் அவ்வளவு பெரிய செடிக்குத் தண்ணீர் எப்படிப் போதும்? காலையில் ஊற்றினால் மதியம் வாடி நிற்கும். அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அந்த வருடம் பறித்த பழங்களைக் கையில் எண்ணிவிடலாம்.

பழத்தின் அளவுக்கும் செடியின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. சன்கோல்ட் போன்ற பெயர்பெற்ற செர்ரி ரகங்கள் ஆறடியைச் சுலபமாகத் தாண்டும். ‘பேபி’, ‘மினி’ என்று பெயரில் இருந்தால் அது பெரும்பாலும் காயைச் சொல்கிறது. அதனால் இப்போதெல்லாம் பாக்கெட்டின் பின்பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன். செடியின் உயரம் போட்டிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி என்று பார்க்கிறேன். மூன்றடி விடச் சொல்லும் ரகம் என் சுவரோரத்துக்கு ஆகாது.

செடி, கொடி என்று தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. தக்காளியை எப்போதும் செடி என்றே சொல்லிப் பழகியதால், அதிலும் கொடி உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பாக்கெட்டில் ‘இன்டிடர்மினேட்’ என்று இருந்தால் அது கொடி. தண்டு ஏறிக்கொண்டே போகும், ஏறக்குறைய மூன்று இலைக்கு ஒரு பூங்கொத்து விடும். ‘டிடர்மினேட்’ என்றால் சில பூங்கொத்துகளுக்குப் பிறகு தண்டின் நுனியே பூங்கொத்தாக முடிந்துவிடும். அதற்கு மேல் வளர்ச்சி இல்லை. மூன்று நான்கு அடியில் நின்று, பெரும்பாலான பழங்களைச் சில வாரங்களுக்குள் தந்து முடிக்கும். 1914இல் ஃபுளோரிடாவில் தானாகத் தோன்றிய ஒரு மரபணு மாற்றத்திலிருந்து வந்த குணம் இது.

இது புரிந்த பிறகும் ஒரு தவறு செய்தேன். இரண்டாம் வருடம் நல்ல டிடர்மினேட் ரகம்தான் வாங்கினேன். ஆனால் கொடித் தக்காளிக்குச் செய்த பழக்கத்தில், இலைக் கக்கத்தில் முளைத்த பக்கக்கிளைகளையெல்லாம் தினமும் கிள்ளி எடுத்தேன். நுனி தானாக நின்றுவிடும் செடிக்கு அந்தப் பக்கக்கிளைகள்தான் காய்ப்பு. இரண்டு கொத்தோடு செடி முடிந்துபோனது. ஆரோக்கியமான செடி அது, இன்று நினைத்தாலும் மனசு கேட்கவில்லை. டிடர்மினேட் ரகத்தில் பக்கக்கிளைகளைக் கிள்ளாதீர்கள். மண்ணைத் தொடும் இலைகளை மட்டும் எடுத்தால் போதும்.

மூன்றாவதாக ‘ட்வார்ஃப்’ என்ற குட்டை வகை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தண்டு தடித்து, இலை கரும்பச்சையாகச் சுருங்கி, கணுக்கள் நெருங்கி இருக்கும். கொடியைப்போலத் தொடர்ந்து காய்க்கும், ஆனால் மெதுவாகத்தான் வளரும். இந்தக் குணமுள்ள பழைய ரகங்கள் கொஞ்சம்தான் இருந்தன. 2005 வாக்கில் அமெரிக்காவின் கிரெய்க் லெஹூலியரும் ஆஸ்திரேலியாவின் பட்ரினா நஸ்கி ஸ்மாலும் சேர்ந்து, பெரிய சுவையான பழம் தரும் பழைய ரகங்களோடு இந்தக் குட்டைகளைக் கலப்புச் செய்யும் வேலையைத் தொடங்கினார்கள். உலகின் வடபாதியிலும் தென்பாதியிலும் வீட்டுத் தோட்டக்காரர்கள் விதைத்ததால் ஒரே வருடத்தில் இரண்டு பருவம் கிடைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் அதிலிருந்து வந்திருக்கின்றன. வீரிய ஒட்டு விதை இல்லை என்பதால் நாமே விதை எடுத்து வைக்கலாம். சம்பளம் வாங்காதவர்கள் செய்த வேலை இது. என் தொட்டியில் பெரிய பழம் பழுக்கும்போதெல்லாம் அவர்களுக்கு மனதில் நன்றி சொல்கிறேன்.

இருபது லிட்டர் தொட்டிக்கும் இடமில்லாதவர்களுக்கு மைக்ரோ டாம் இருக்கிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்டது. ஒரு சாண் உயரம்கூட வராது. இப்போது ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்ப்பதும் இதைத்தான். சுவை சுமார்தான், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் விளிம்பில் ஒரு குழந்தைக்குக் காட்ட இதைவிட நல்ல செடி கிடையாது.

பீன்ஸில் செடி வகை முழங்கால் உயரத்தோடு நிற்கும், பந்தல் வேண்டாம். ஆனால் காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து தீர்ந்துவிடும். அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி என்று மாற்றி மாற்றி விதைக்கிறேன். பட்டாணியிலும் குட்டை வகை உண்டு. மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் நெட்டையையும் குட்டையையும் சேர்த்துப் பார்த்த அதே பட்டாணிதான்.

வெள்ளரிக்கு இரண்டு விஷயம் பார்க்கிறேன். ஒன்று, ஸ்பேஸ்மாஸ்டர் போல இரண்டு மூன்று அடியில் நிற்கும் புதர் வகையா? இன்னொன்று, மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் ரகமா? உயரமான மாடிகளுக்குத் தேனீ எப்போதாவதுதான் வரும். இரண்டும் ஒரே ரகத்தில் கிடைக்காவிட்டால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். நீளக் கொடியை வலையில் ஏற்றிவிடலாம், தேனீயை எங்கே போய்க் கூப்பிடுவது?

கேரட்டில் உருண்டை ரகம் வாங்கினால் ஆழம் குறைந்த தொட்டி போதும். சுக்கினி என்ற பூசணி வகை மட்டும் வேண்டாம். ‘புதர் வகை’ என்றுதான் போட்டிருக்கும், ஆனால் ஒரே செடி மூன்றடி அகலத்துக்கு இலை விரிக்கும்.

வெயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போதிய வெயில் இல்லாத மூலையில் வைத்தால் குட்டை ரகமும் ஒல்லியாக நீண்டுவிடும். ரகம் பொய் என்று கோபப்படுவதற்கு முன்னால் தொட்டியை நகர்த்திப் பாருங்கள். காய்க்கிற செடிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.

இந்தப் பருவத்துக்கு இரண்டு குட்டைத் தக்காளி, மூன்று தொட்டி பீன்ஸ், ஒரு வெள்ளரி. நாற்றுத் தட்டில் தக்காளி நான்காவது இலை விட்டிருக்கிறது. பன்னிரண்டு நாற்றுகளில் எட்டில் கணுக்கள் நெருக்கமாக இருக்கின்றன, இலையும் கருத்துச் சுருங்கியிருக்கிறது. மீதி நான்கு இப்போதே நெட்டையாகத் தெரிகின்றன. விதையில் கலப்பு இருந்திருக்கலாம். அவற்றை நிலம் வைத்திருக்கும் என் அக்காவுக்குக் கொடுக்கப் போகிறேன்.