முதல் ஸ்பீக்கருக்கு ஒற்றை டிரைவர் போதும்

வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்யப் போகிறேன் என்று என்னிடம் வருகிற நண்பர்கள் கையில் ஒரு நீளப் பட்டியல் இருக்கும். எட்டு இன்ச் வூஃபர், மிட், ட்வீட்டர், மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்க ஒரு கிராஸ்ஓவர் போர்டு. சரி, அதெல்லாம் அப்புறம். முதல் ஜோடிக்குப் பக்கத்துக்கு ஒரு நாலு இன்ச் ஃபுல்ரேஞ்ச் டிரைவர் வாங்குங்கள், அதாவது கனத்த சத்தம் முதல் கீச்சுச் சத்தம் வரை ஒன்றே எழுப்பும் ஸ்பீக்கர் யூனிட். கிராஸ்ஓவரே வேண்டாம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர் நேராக டிரைவருக்குப் போகட்டும். அப்போது கவனம் முழுக்கப் பெட்டி மேல் இருக்கும்.

பெட்டியின் அருமை நம் ஊர் டீக்கடைகளுக்கு எப்போதோ தெரியும். மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்திப் பாட்டுப் போட்டது சும்மா இல்லை. டிரைவரின் கூம்பு, அதாவது கோன், முன்னால் தள்ளும்போது பின்பக்கக் காற்று எதிர்த்திசையில் அசையும். நடுவில் தடுப்பு இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தம் காணாமல் போகும். பானை அதைத் தடுக்கிறது. வளைந்த சுவர் என்பதால் பலகை மாதிரி லேசில் அதிர்வதும் இல்லை.

பெட்டி எவ்வளவு பெரியது என்பதைக் கண்மதிப்பில் முடிவு செய்ய வேண்டாம். நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற இரண்டு ஒலிப் பொறியாளர்களின் பெயரில் வழங்கும் அளவுகள் நல்ல டிரைவரின் டேட்டாஷீட்டில் இருக்கும். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எத்தனை வாட் என்றுதான் முதலில் சொல்வார்கள். பி.எம்.பி.ஓ. என்ற ஊதிப் பெருக்கிய வாட் கணக்கை ஆயிரக்கணக்கில் அச்சடித்த அட்டைப்பெட்டியைப் பார்த்தால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன். நமக்கு வேண்டியது மூன்றுதான்: கோன் இயல்பாக அதிரும் வேகமான எஃப்எஸ், அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும் க்யூடிஎஸ், கோனைத் தாங்கும் பிடிப்பின் விறைப்புக்கு எத்தனை லிட்டர் காற்று சமம் என்று சொல்லும் விஏஎஸ். உதாரணத்துக்கு எஃப்எஸ் 80 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.5, விஏஎஸ் 8 லிட்டர் என்று வையுங்கள். மூடிய பெட்டியில் டிரைவரும் பெட்டியும் சேர்ந்த மொத்த க்யூ 0.707 வந்தால் பேஸ் மேடு தட்டாமல் சீராக இறங்கும். அதற்கு இந்த டிரைவருக்கு 8 லிட்டர் வேண்டும். பேஸ் 113 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்க ஆரம்பிக்கும். நாலு இன்ச்சிடம் அதற்கு மேல் கேட்பது அநியாயம். கணக்குப் பிடிக்காதவர்களுக்கு வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

8 லிட்டர் என்றால் 16 x 20 x 25 செ.மீ. இது உள்ளளவு. ஆசாரியிடம் இதை மூன்று தடவை சொல்லுங்கள், ஏனென்றால் அலமாரி செய்கிற கை வெளியளவில்தான் யோசிக்கும். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில், 18 மி.மீ. கனத்தில், அதையே வெளியளவாக வைத்தால் உள்ளே நாலேகால் லிட்டர் சொச்சம்தான் மிஞ்சும். எனக்குச் செய்து கொடுத்த சைதாப்பேட்டை அண்ணன், "தம்பி, டப்பாவுக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு?" என்று சிரித்துக்கொண்டே மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டினார்.

மூலைகளில் ஃபெவிகால் தாராளமாக விட்டு, காற்று கசியாமல் இறுக்கி ஒட்ட வேண்டும். வயர் வரும் ஓட்டையையும் அடைத்துவிடுங்கள். உள்ளே கொஞ்சம் தலையணை பாலியஸ்டர் பஞ்சு, அமுக்காமல். டிரைவரை மாட்டுவதற்கு முன் 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே வந்தால் முனை சரி. ஜோடியில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் பேஸ் செத்துவிடும், பாடகரின் குரல் நடுவில் நிற்காது.

ஆம்ப்ளிஃபயருக்கு டிபிஏ3116 சிப் வைத்த சின்ன போர்டும் 24 வோல்ட் அடாப்டரும் தாராளம்.

வேலை முடிந்ததும் பாட்டுக் கேட்கிற அவசரத்தில் பெயிண்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். எம்.டி.எஃப். ஓரங்கள் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓரங்களுக்கு இரண்டு கை ப்ரைமர் அவசியம். மேலே என்ன நிறம் என்பது உங்கள் இஷ்டம். எங்கள் வீட்டில் அந்த முடிவு என்னிடம் விடப்படவில்லை.