நாலு பேர்

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த இரண்டாவது வருடம் அந்தத் தவறைச் செய்தேன். இன்றைக்கும் யாராவது ஒரு அம்மா "கால் ஆடுது" என்று வார்டிலிருந்து ஓடி வந்தால் அந்த நாள்தான் ஞாபகத்துக்கு வரும்.

அவர் தென்னை ஏறுகிறவர். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம், வயது 34. மழை ஈரத்தில் ஏறியிருக்கிறார். பிடித்த மட்டை கையோடு கழன்று வந்துவிட்டது. முதுகெலும்பில் நெஞ்சுப் பகுதியின் எட்டாவது எலும்பு, நாங்கள் டி8 என்போம், அது நொறுங்கி, நரம்புத்தண்டு நசுங்கியிருந்தது. தொப்புளுக்கு மேலே நாலு விரல் இடம், அதற்குக் கீழே தொட்டால் தெரியாது, அசைவும் இல்லை. வேறொரு இடத்தில் ஆபரேஷன் முடித்து எங்களிடம் வரும்போது இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண் இருந்தது. மரத்தில் உரசி உரசி நெஞ்சிலும் முன்கையிலும் காய்ப்பு. அந்தக் கைகளைப் பார்த்ததுமே, இவர் சக்கர நாற்காலியை நன்றாக ஓட்டுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி அடிபட்டவர்களுக்கு முதலில் கால் துணி போலத் துவண்டு கிடக்கும். சில வாரம் கழித்துத் தானாகத் துள்ள ஆரம்பிக்கும். போர்வையை இழுத்தால் துள்ளும், இருமினால் துள்ளும். மூளையின் கட்டளை வந்து நடப்பது அல்ல அது. அடிபட்ட இடத்துக்குக் கீழே நரம்பு தன் போக்கில் செய்வது. பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கால் ஆடுதும்மா, ஆண்டவர் கண்ணைத் திறந்துட்டாரும்மா" என்று அழுதார்.

எனக்கு விஷயம் தெரியும். ரிப்போர்ட்டையும் பார்த்திருந்தேன். ஆனாலும் சொன்னேன்: "ஜெபம் பண்ணுங்கம்மா, கண்டிப்பா நடப்பார்."

அதை விசுவாசம் என்றே அப்போது நினைத்தேன். அவர் மனைவி கம்மலை அடகு வைத்துக் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார். அவரோ சக்கர நாற்காலியில் ஏற மறுத்துவிட்டார். "நடக்கப் போறவனுக்கு இது எதுக்கு மேடம்?" மூன்று வாரப் பயிற்சி போயிற்று. எங்கள் சீனியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ அவருக்கு நம்பிக்கை கொடுக்கலம்மா. உண்மையைச் சொல்ல உனக்குப் பயம்."

அப்புறம் டாக்டரும் நானும் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னோம். கேட்டு முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

எங்களுடையது மிஷன் மருத்துவமனை. காலையில் வார்டில் ஒரு சின்ன ஜெபம் நடக்கும். விருப்பமுள்ளவர்கள் கலந்துகொள்ளலாம். அந்த வாரம் மாற்கு சுவிசேஷம் இரண்டாம் அதிகாரம் வந்தது. திமிர்வாதக்காரனை, அதாவது உடம்பு அசையாமல் படுத்துவிட்டவனை, நாலு பேர் தூக்கி வருகிறார்கள். கூட்டத்தில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து, இயேசுவுக்கு முன்னால் படுக்கையோடு இறக்குகிறார்கள். வாசித்து முடிவதற்குள் அவர் குரல் வந்தது.

"அவன் எழுந்து படுக்கையைத் தூக்கிட்டு நடந்துட்டான். என்னையும் நாலு பேருதான் தூக்கினாங்க மேடம். நேரா பாடையிலயே தூக்கிட்டுப் போயிருக்கலாம்."

வார்டில் யாரும் பேசவில்லை. எனக்கும் பதில் வரவில்லை. உண்மையில் அது என் கேள்வியும்கூட. கல்லூரியில் படிக்கும்போது அப்பா சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்தார். எட்டு மாதம் உபவாசம் இருந்து ஜெபித்தேன். அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனேன், பாட்டுப் பாடினேன். எதையும் எதிர்பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அறையில் அதே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சிறு வயதிலிருந்து தெரிந்த கதை. ஆனால் இரண்டு விஷயம் அன்றுதான் கண்ணில் பட்டது. இயேசு பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவனால் நம்ப முடியாத நாளில் அவனையும் சேர்த்து அந்த நாலு பேர் நம்பியிருக்கிறார்கள். இரண்டாவது, இயேசு முதலில் சொன்னது 'எழுந்து நட' என்பது அல்ல. 'மகனே' என்கிறார். பாவங்கள் மன்னிக்கப்பட்டது என்கிறார். கால் அப்போதும் அப்படியேதான் கிடக்கிறது.

அழுதேன். அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்த அத்தனை நாளிலும் அந்தச் சொல் அங்கே இருந்திருக்கிறது என்று தோன்றியது. எனக்கு அது காதில் விழவில்லை. விசுவாசம் எனக்குத் திரும்பி வந்தது அந்த ராத்திரிதான்.

அவரைத் தூக்கிய நாலு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடவே மரம் ஏறுகிறவர்கள். முதுகில் அடிபட்டவரை வளைக்காமல், கட்டையைப் புரட்டுவதுபோல ஒரே சீராகப் புரட்டிப் பலகையில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். 108 வரும்வரை அசைக்காமல் இருப்பது நல்லது. அவர்களுக்கு அது தெரியாது. பதற்றத்தில் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி டாடா ஏஸில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். போன இடத்தில் யாரோ, "நீங்க தூக்கின தூக்குலதான் போச்சு" என்று சொல்லிவிட்டார்கள். விழுந்ததில் போனதா, தூக்கியதில் போனதா, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வார்த்தை அவர் காதுக்கும் வந்துவிட்டது. ஞாயிறுதோறும் நாலு பேரும் வருவார்கள். அவர் பார்க்க மாட்டேன் என்பார். கேட்டுக்குப் பக்கத்துப் புங்கமரத்தடியில் நின்றுவிட்டு, வாட்ச்மேனிடம் இளநீரைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

மறுநாள் அவர் தோள் பயிற்சியின்போது சொன்னேன்: "அண்ணா, நான் உங்ககிட்ட பொய் சொன்னேன், மன்னிச்சிடுங்க. அந்த ஆளு நடந்தது அப்புறம். மகனேன்னு கூப்பிட்டது முதல்ல. அது உங்களுக்கும்தான்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மேற்கொண்டு பேசவில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து அவரே கேட்டார். "மேடம், அவனுங்க வந்திருக்கானுங்களா?"

நாலு பேரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். மூத்தவர் கட்டில் ஓரத்தில் தலையை வைத்துத் தேம்ப ஆரம்பித்தார். இவர் அந்தத் தலைமேல் கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. "நீங்க தூக்கலன்னா அங்கயே செத்திருப்பேன்டா" என்றார். கிறிஸ்து அந்தக் கட்டிலருகே நின்றார் என்று நான் நம்புகிறேன்.

திங்கட்கிழமை காலை சக்கர நாற்காலியைக் கேட்டார்.

பயிற்சிக்கு நடுவே ஒருநாள் டாக்டர் மேரி வர்கீஸ் பற்றிச் சொன்னேன். வேலூர் சிஎம்சியில் இளம் டாக்டர். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு காலும் போனது. "நடந்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் என்ன பண்ணாங்க?" உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார், வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்தார், 1966இல் வேலூர் பாகாயத்தில் இவரைப் போன்றவர்களுக்கென்றே மறுவாழ்வு நிலையம் தொடங்கியதில் முன்னின்றார், 1972இல் பத்மஸ்ரீ வாங்கினார். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தலையசைத்தார். "உக்காந்துகிட்டேவா" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

மரம் ஏறிய கைகள் வீண்போகவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறினார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானே ட்யூப் போட்டுச் சிறுநீர் எடுக்கப் பழகினார். உட்கார்ந்த இடத்தில் புண் வராமலிருக்க 15 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். நாங்கள் லிஃப்ட் என்போம். கெடியாரம் பார்க்காமலே செய்ய ஆரம்பித்தார். இப்போது சந்தையில் தேங்காய் வியாபாரம். காயைத் தட்டி, சத்தத்தை வைத்தே முற்றலா இளசா என்று சொல்லிவிடுவார்.

வீடு திரும்பி நாலைந்து மாதம் ஆனபோது பார்க்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் கோயிலுக்கு மூன்று படி, ஒன்றரை அடி உயரம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் சாய்தளம் வேண்டும் என்று டிஸ்சார்ஜ் அன்று வீட்டு வாசலுக்காகச் சொல்லி அனுப்பியிருந்தேன். அந்த நாலு பேர் அதை ஞாபகம் வைத்திருந்து, கோயிலுக்கும் போட்டிருந்தார்கள். நேராகப் போட இடம் பத்தாமல், சுவரை ஒட்டி வளைத்துக் கொண்டுபோயிருந்தார்கள். சிமென்ட் பூச்சு அங்கங்கே மேடுபள்ளமாக இருந்தது. யாரும் தள்ளாமல் அவரே ஏறினார். நாலு பேரும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரசங்கம் நீளமாகப் போனது. நான் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் நாற்காலியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி உடம்பைத் தூக்கினார். பழக்க தோஷத்தில் மனசுக்குள் எண்ணினேன். முழுசாகப் பதினைந்து எண்ணும்வரை கையிலேயே தாங்கியிருந்துவிட்டு மெதுவாக இறங்கினார். பிரசங்கம் முடிவதற்குள் மூன்று முறை.