தாய்வீட்டு நோட்டு

கிராம சுகாதார செவிலியராக வேலையில் சேர்ந்த புதிதில் ஆய்வுக் கூட்டத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி என் பதிவேட்டிலிருந்து காணாமல் போயிருந்தாள். வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டில் கேட்டால், "வளைகாப்பு முடிஞ்சி அம்மா வூட்டுக்குப் போய்க்கீது நர்சம்மா" என்றார்கள். எந்த ஊர்? சித்தூர் பக்கமாம். அவ்வளவுதான் தெரியும். செல்போன் இல்லாத காலம்.

வெளியே நின்று அழுதுகொண்டிருந்த என்னிடம், பக்கத்துத் துணை சுகாதார நிலையத்து அக்கா தன் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து நீட்டினார். கடையில் காசு கொடுத்து வாங்கிய நோட்டு. ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு எதிரிலும் அவள் அம்மா வீடு இருந்தது: ஊர், தெரு, அப்பா பெயர், எந்த பஸ் ஏறி எங்கே இறங்கணும் என்பது வரைக்கும்.

"புருஷன் வீட்டு விலாசத்த வச்சிக்கிட்டு என்னம்மா பண்ணுவ? தலைப்பிரசவம் அங்கியா நடக்குது?"

ஐயாயிரம் பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர், மலைப்பகுதி என்றால் மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் வளைகாப்பு கிடையாது. அக்காவின் நோட்டில் இருந்தது.

அவர் வேலைக்கு வந்தபோது எங்கள் மாவட்டம் வட ஆற்காடு. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. அம்பேத்கர் பெயர் வந்தது, போனது, வேலூர் ஆனது. 2019இல் அதுவும் மூன்றானது. ஒவ்வொரு முறையும் பழைய பதிவேட்டின் தலைப்பை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்து, மேலே புதுப் பெயரை எழுதுவார். "மாவட்டம் மாறும், சளியும் பேதியும் மாறாது" என்பார்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒடுகத்தூர் பக்கம், சித்திரை வெயிலில் மருந்து கேரியரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் உள்ளே இருக்கும் நாலு ஐஸ் பேக்கும் நமக்கு முன்னால் வியர்க்கும். சொட்டு மருந்துக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் வெளிர் சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் மருந்து வீண். அக்கா ஒவ்வொரு குப்பியையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் திறப்பார். 2014இல் இந்தியாவுக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்த பிறகும் அந்தப் பார்வை தளரவில்லை.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை 12,000 ஆகி, பிறகு 18,000 ஆனபோது எங்களுக்கு வேறு தலைவலி. ஆதாரில் அப்பா பெயர், பேங்க் பாஸ்புக்கில் புருஷன் பெயர். இதற்காக அக்கா எத்தனை நாள் பேங்க் வாசலில் நின்றிருப்பார்!

அவருடைய மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த நாட்களில் அக்கா வீட்டில் இருந்த நேரம் குறைவு. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது பக்கத்து வீட்டம்மா. நான் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மகளும் சொல்வதில்லை.

ஓய்வு பெற்ற பிறகாவது உட்காருவார் என்று நினைத்தேன். திங்கட்கிழமைதோறும் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வாசல் மரத்தடியில் இருக்கிறார். குறைதீர்வு நாளுக்கு வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் மனு எழுதித் தருகிறார். வருகிறவரிடம் முதலில், "ஜெராக்ஸ் எடுத்தியா?" என்றுதான் கேட்பார்.

போன மாதம் நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் நாலு மாதமாக வரவில்லை. கதவு எண், ரேஷன் அட்டை எண் எல்லாம் எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடாமல் அக்கா கேட்டார்:

"அம்மா வீடு எந்த ஊரு?"

பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்கம்மா செத்து முப்பது வருசம் ஆவுது நர்சம்மா." அப்புறம் எந்த பஸ் ஏறணும், எந்தப் புளியமரத்தாண்ட இறங்கணும் என்று சொல்ல ஆரம்பித்தார்.