மஞ்சள் படிகமும் தெளிந்த வளையமும்

எம்.எஸ்சி. வேதியியல் ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது சால்கோன்கள் என்ற கரிமச் சேர்மங்கள். அவற்றிலிருந்து செய்பவை பாக்டீரியாவைத் தடுக்குமா என்று பார்ப்பதே நோக்கம். அசிட்டோபீனோனையும் ஒரு பென்சால்டிஹைடையும் எத்தனாலில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எளிய சால்கோன்கள் பலவும் யாரோ எப்போதோ செய்துவிட்டவை. ஆகவே அவற்றை ஹைட்ரசீனுடன் வினைப்படுத்திப் பைரசோலின்கள் என்ற நைட்ரஜன் சேர்மங்களாக்குவது என்று முடிவானது.

மதுரைச் சித்திரை வெயிலில், குளிர்சாதனம் இல்லாத ஆய்வகத்தில், சால்கோன் படிகமாகாமல் எண்ணெயாக அடியில் தங்கியது. எதிர்த்த ஜூஸ் கடையில் வாங்கி வந்த ஐஸில் குடுவையை அமிழ்த்தினேன். "கண்ணாடித் தண்டால் உட்சுவரைச் சுரண்டிப் பாரம்மா" என்றார் வழிகாட்டி. சுரண்டிய கோட்டிலேயே மஞ்சள் பொடி கட்டத் தொடங்கியது. தூய்மைக்குச் சான்றாக மெல்லடுக்குத் தகட்டில் ஒற்றைப் புள்ளி, குறுகிய உருகுநிலை வீச்சு, பிறகு மூலக்கூறின் அமைப்பை அறியக் காசு கட்டி அனுப்பிய என்எம்ஆர் சோதனை. இந்தக் காத்திருப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நுண்ணுயிரியல் துறை அக்காவிடம்தான் உண்மையான பாடம். 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற நிலையான கலங்கல் அளவுக்குப் பாக்டீரியா வளர்ப்பை நீர்க்கச் செய்து, பஞ்சுக் குச்சியால் முல்லர்-ஹிண்டன் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தின் மீது மூன்று திசைகளில் தடவினார். 6 மி.மீ. குழிகளில் என் சேர்மங்கள்; ஒன்றில் ஒப்பிடுவதற்குச் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து; ஒன்றில் என் சேர்மங்களைக் கரைத்த கரைப்பானான டிஎம்எஸ்ஓ மட்டும். "இந்த டிஎம்எஸ்ஓ குழியைச் சுற்றித் தெளிவு வந்தால் உன் சேர்மத்தைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது" என்றார்.

மறுநாள் ஸ்டாஃபிலோகாக்கஸ் தட்டில் குழிகளைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வளையங்கள் தெரிந்தன, ஈ.கோலையில் ஏதுமில்லை. அதன் வெளிச்சவ்வு பல சேர்மங்களை உள்ளேயே விடுவதில்லை. பலர் இந்த வளையத்தை அளந்ததோடு ஆய்வேட்டைக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கொழுப்பில் கரையும் பொருள் நீர் நிறைந்த அகாரில் பரவத் தயங்கும். வளையம் சிறுத்தால் வீரியம் குறைவு என்று பொருளில்லை.

அதனால் 96 குழித் தட்டில் செறிவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், உயிருள்ள செல்களால் நிறம் மாறும் ரெசாசுரின் என்ற நீலச் சாயத்தைச் சேர்த்தோம். உயிர் இருந்த குழி இளஞ்சிவப்பானது. வளர்ச்சி நின்ற குழி நீலமாகவே இருந்தது. என் சேர்மங்களில் பெரிய வளையம் காட்டிய, நைட்ரோ தொகுதி கொண்டதைவிடக் குளோரின் கொண்டதே குறைந்த செறிவில் வேலை செய்தது. சிப்ரோஃப்ளாக்சசினின் பக்கத்தில்கூட இரண்டும் நிற்கவில்லை. "மிதமான செயல்திறன்" என்றே எழுதினேன்.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் முதலில் கேட்டது டிஎம்எஸ்ஓ குழியைத்தான். படத்தை எடுத்துக் காட்டினேன்.